217 இன்னும் கரை சேரலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. காரணம் வேற ஒண்ணுமில்லை, வெட்கம்தான். இந்தக் கதையில ஹீரோ நான் இல்லை, சொல்லப்போனா பாதி வில்லனே நான்தான். ஆனா போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி வந்து, "அண்ணே, நானும் கடல் நீச்சல் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன், ஏதாச்சும் டிப்ஸ் சொல்லுங்க"ன்னு கேட்டான். "படிவத்துல பொய் எழுதாத"ன்னேன். அவன் ஒரு மாதிரி பார்த்துட்டுப் போயிட்டான். நீங்களும் அப்படித்தான் பார்ப்பீங்க. அதனால முதல்லேர்ந்து சொல்லிடறேன்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். நான் நீச்சல் கத்துக்கிட்டது பெரியப்பா வீட்டுக் கிணத்துல. முதுகுல காஞ்ச சுரைக்குடுக்கை, இடுப்புல கயிறு. அதோட மறுநுனியைப் பிடிச்சுக்கிட்டு பெரியப்பா மேல நிப்பார். பீடி பிடிச்சுக்கிட்டு, யாரோடயோ வரப்புத் தகராறு பேசிக்கிட்டு, கீழ பார்க்காத மாதிரியே நிப்பார். ஆனா நான் ஒரு வாய் தண்ணி குடிச்சா போதும், அடுத்த நொடி கயிறு இறுகும். கீழ நடக்கிறது அவருக்குக் கையிலேயே தெரிஞ்சிடும். அப்ப அது பெரிய விஷயமாத் தோணலை.

அப்புறம் படிப்பு, வேலை, சென்னை, தொப்பை. 43 வயசுல பி.பி. வந்து சேர்ந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்து, உடற்பயிற்சி பண்ணுங்கன்னார். நடந்தா முட்டி வலி. அதனால நீச்சல் குளம். கிணத்துல கத்த வித்தை மறக்கலை. மூணு வருஷத்துல நிக்காம 2 கி.மீ. அடிக்கற அளவுக்கு வந்துட்டேன். அங்க கிடைச்ச நண்பர்கள், அவங்களோட வாட்ஸப் குரூப்பு, அதுல தினம் ஒரு வீரப் பிரதாபம். கடைசியா 2023 பிப்ரவரியில கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்த ஒரு 2 கி.மீ. கடல் நீச்சல் போட்டிக்கு எல்லாருமா பேர் குடுத்தோம். எந்தக் கடற்கரை, யார் நடத்தினாங்கங்கறதெல்லாம் வேண்டாம்.

பதிவுப் படிவத்துல ஒரு கேள்வி. ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு ஏதாவது உண்டா? "ஆம்"னு போட்டா டாக்டர் சான்றிதழ் இணைக்கணும். டாக்டர்கிட்ட போனா எக்கோ எடு, டிரெட்மில் ஓடுன்னு இழுப்பார். வேண்டாம்னும் சொல்லிடலாம். நான் "இல்லை"ங்கறதுல ஒரு டிக் அடிச்சேன். ஒரு நொடி கூட ஆகலை. தங்கமணிகிட்ட இதைச் சொல்லலைன்னு தனியாச் சொல்லணுமா என்ன?

போட்டி அன்னிக்குக் காலையில மாத்திரையும் போடலை. அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வரும், கடல்ல எதுக்குத் தொந்தரவுன்னு ஒரு கணக்கு. அதுக்குப் பதிலா, உடம்புல தண்ணி வத்தக் கூடாதுன்னு ஒரு லிட்டர் எலக்ட்ரால் கரைச்சுக் கார்லயே குடிச்சு முடிச்சேன். எல்லாத்தையும் ஒழுங்கா, தலைகீழாச் செஞ்சிருக்கேன் பாருங்க :-)

காலை ஆறரை மணி. இருநூறு பேருக்கு மேல. கையில மார்க்கர்ல 217ன்னு எழுதினாங்க. கணுக்கால்ல நேரம் கணக்கிடற சிப். "முடியலைன்னா கையைத் தூக்குங்க, கயாக் வரும்"னு மைக்ல ஒரே ஒரு தடவை சொன்னாங்க. பக்கத்துல வலை உதறிக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், "இன்னிக்கு வெள்ளம் வடக்க இழுக்குது, பாத்துப் போங்க"ன்னார். வெள்ளம்னா அவங்க பாஷையில நீரோட்டம். யாரும் காதுல வாங்கலை. ஊதல் ஊதினதும் எல்லாரும் பாஞ்சோம்.

குளத்துல நீந்தறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். முதல் 200 மீட்டர் நீச்சலே இல்லை, மல்லுக்கட்டு. எவனோ ஒருத்தன் குதிகால் என் கண்ணாடியில இறங்கிச்சு. இன்னொருத்தர் என் முதுகு மேல ஏறியே போனார். கீழ கோடு இல்லை, பிடிச்சு நிக்கச் சுவர் இல்லை. அலை தூக்கும்போதுதான் மிதவை தெரியும். இதயம் தொண்டைக்கு வந்துடுது. பழகினவங்க ஓரமா நின்னு, ஒரு நிமிஷம் கழிச்சுக் கிளம்புவாங்க. நமக்குத்தான் ரோஷமாச்சே.

முதல் மிதவை தாண்டி ஒரு 600 மீட்டர் இருக்கும். இருமல் வந்தது. உப்புத் தண்ணி குடிச்சிட்டோம்னு நினைச்சேன். இருமல் நிக்கலை. ஒவ்வொரு கை வீச்சுக்கும் மூச்சு வேணும், ஆனா இழுக்கற மூச்சு பாதியிலேயே நின்னுடுது. நெஞ்சுக்குள்ள கொழகொழன்னு ஒரு சத்தம், ஹூக்கா இழுக்கற மாதிரி. முப்பது மீட்டர் தள்ளி ஒரு கயாக் நின்னுட்டிருந்தது. கையைத் தூக்கினா முடிஞ்சது கதை.

தூக்கலை. மூச்சு விட முடியாம கடல் நடுவுல மிதக்கறவன் மனசுல என்ன ஓடிச்சுன்னு நினைக்கறீங்க? பொண்டாட்டி புள்ளையா? கடவுளா? டி-ஷர்ட்! முடிச்சவங்களுக்கு மட்டும் குடுக்கற அந்த நீல டி-ஷர்ட். அப்புறம் வாட்ஸப் குரூப்பு. மல்லாந்து கொஞ்சம் மிதந்தேன், மறுபடி அடிச்சேன், மறுபடி இருமினேன். பத்து நிமிஷம் இப்படியே ஓடியிருக்கும். கடைசியா துப்பினப்ப நுரை, லேசான ரோஸ் கலர்ல. அதைப் பார்த்ததும்தான் கை தானா மேல போச்சு. அதுக்குள்ள கயாக் வேற எங்கயோ போயிருந்தது. நல்லவேளை, அலைப்பலகையில படுத்துக்கிட்டு வந்த ஒரு மீனவர் வீட்டுப் பையன் பார்த்துட்டான். "அண்ணே, பலகையைப் புடிச்சுக்க. பேசாத. மூச்ச மட்டும் வுடு." அவ்வளவுதான் பேசினான். பதினெட்டு வயசு கூட இருக்காது.

பெரியவர் சொன்ன அதே வெள்ளம் எங்களை வடக்க தள்ளிச்சு. முடிவுக் கோட்டுக்கு நல்ல தூரம் தள்ளித்தான் கரையேறினோம். அங்கேயே ஆம்புலன்ஸ். என்னைப் படுக்க வைக்கலை, நிமிர்த்தி உட்கார வச்சு ஆக்ஸிஜன் குடுத்தாங்க. ஆக்ஸிஜன் அளவு 86, பி.பி. 180க்கு மேல. டாக்டர் சின்னப் பொண்ணு. "சார், பி.பி. இருக்கா?" "இ...இருக்கு." "மாத்திரை?" "இன்னிக்குப் போடலை." அவங்க திட்டலை. திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே பார்த்துட்டுப் பெரிய டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. ஆனா அது கடல் தண்ணி இல்லை, உங்க தண்ணி."

விஷயம் இதுதான். தண்ணிக்குள்ள இறங்கினதும் வெளி அழுத்தம் கை காலுல இருக்கற ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளும். குளிர் இருந்தா இன்னும் அதிகமா. அதோட கடுமையா நீந்தினா நுரையீரலோட நுண் ரத்தக் குழாய்கள்ல அழுத்தம் ஏறி, நீர் கசிஞ்சு காத்தறைகளுக்குள்ள இறங்கிடும். நீச்சலால வர்ற நுரையீரல் நீர்க்கோப்புன்னு இதுக்குப் பேர். நல்ல உடல்வாகு உள்ளவங்களுக்கும், ராணுவ நீச்சல் வீரர்களுக்கும் கூட வருது. ரத்த அழுத்தம் இருந்தா ஆபத்து அதிகம். மூச்சுத் திணறல், விடாத இருமல், ரோஸ் கலர் நுரைன்னு வந்தா உடனே தண்ணியை விட்டு வெளிய வரணும். வெளிய வந்தா பெரும்பாலும் ஓரிரு நாள்ல சரியாயிடும். உள்ளேயே இருந்தா? என் பத்து நிமிஷத்தை நினைச்சுப் பார்த்துக்கங்க.

இது என் பொய்யோட கதை. இன்னொரு பொய் கரையில நடந்துட்டிருந்தது.

தங்கமணி முடிவுக் கோட்டுல செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கா. ஒவ்வொருத்தரா வர்றாங்க. குரூப்புக்காரங்க எல்லாரும் வந்தாச்சு, நான் வரலை. ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. மைக்ல, "எல்லாரும் பத்திரமா கரை சேர்ந்துட்டாங்க, இப்ப பரிசளிப்பு"ன்னு அறிவிப்பு. இவ மேஜைக்கு ஓடி, "217 இன்னும் வரலைங்க"ன்னா, "வந்திருப்பாரு மேடம், டீக்கடைப் பக்கம் பாருங்க"ன்னிருக்காங்க. இவ விடலை. கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்க்க வச்சிருக்கா. சிப் கணக்குப்படி 217 தண்ணியில இருந்து வெளிய வரவே இல்லை.

நான் அப்ப ஆக்ஸிஜன் மாஸ்க்கோட ஆம்புலன்ஸ்ல உட்கார்ந்திருக்கேன். அவங்க ரெக்கார்டுபடி நான் கடல்ல இருக்கேன். மைக் சொன்னபடி நான் பத்திரமா இருக்கேன். மூணுல எதையும் மத்த ரெண்டோட யாரும் ஒத்துப் பார்க்கலை. நான் ஆம்புலன்ஸ்ல இல்லாம நிஜமாவே தண்ணிக்கு அடியில இருந்திருந்தாலும் பரிசளிப்பு இதே மாதிரிதான் நடந்திருக்கும். எனக்கு இன்னிக்கும் வயித்தைக் கலக்கறது அந்த ரோஸ் நுரை இல்லைங்க, இதுதான்.

தங்கமணிக்கு நான் உயிரோட இருக்கேன்னு தெரிய இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தைப் பத்தி அவ இன்னிக்கு வரைக்கும் பேசினதில்லை. ஆஸ்பத்திரியில மட்டும் ஒண்ணு சொன்னா: "ஏங்க, உங்க பேப்பர்ல நீங்க பொய் எழுதினீங்க, அவங்க மைக்ல அவங்க பொய் சொன்னாங்க. நடுவுல நான் நின்னுட்டிருந்தேன்."

வீட்டுல ஓய்வா இருந்தப்ப தேடித் தேடிப் படிச்சேன். 2010 அக்டோபர் 23, ஐக்கிய அரபு அமீரகத்துல ஃபுஜைரா. உலகக் கோப்பை 10 கி.மீ. நீச்சல் போட்டி. அமெரிக்காவோட ஃபிரான் கிரிப்பன், 26 வயசு. முந்தின வருஷம்தான் ரோம் உலகப் போட்டியில 10 கி.மீ.ல வெண்கலம் வாங்கினவர். கத்துக்குட்டி இல்லை, உலகத்தோட முதல் வரிசை ஆள். தண்ணி கிட்டத்தட்ட 30 டிகிரி. போட்டி முடிஞ்சப்ப ஆளைக் காணோம். முதல்ல கவனிச்சது சக வீரர்கள்தான். நீந்திக் களைச்சு வந்த அவங்களே மறுபடி தேடக் கிளம்பினாங்க. சுமார் ரெண்டு மணி நேரம் கழிச்சு, கடைசி மிதவை பக்கத்துல, முடிவுக் கோட்டுக்கு சில நூறு மீட்டர் முன்னாடி உடல் கிடைச்சது. சர்வதேசப் போட்டிங்க! அங்கேயே ஒரு தலை குறைஞ்சது உடனே தெரியலை.

சூடான தண்ணி எப்படி ஆபத்து ஆகுதுன்னு பலருக்கும் தெரியறதில்லை. கரையில ஓடினா வேர்வை காத்துல ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். தண்ணிக்குள்ளயும் வேர்க்கும், ஆனா ஆவியாக வழியில்லை. தண்ணியே சூடா இருந்தா, உடம்பு உண்டாக்கற சூட்டை எங்க கொண்டு போய்க் கொட்டறது? நனைஞ்சே இருக்கறதால தாகமும் சரியாத் தெரியாது. கிரிப்பன் இறந்ததுக்கு அப்புறம்தான் சர்வதேச நீச்சல் சம்மேளனம் 31 டிகிரிக்கு மேல போட்டி கூடாதுன்னு விதி போட்டது. போட்டிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, பாதையின் நடுவுல, 40 செ.மீ. ஆழத்துல அளக்கணும். நம்ம கடல் சித்திரை வைகாசியில 29, 30ன்னு தொடும். எங்க போட்டியில தெர்மாமீட்டரை நான் கண்ணால பார்க்கலை.

அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் நம்ம ஆளு ஒருத்தர். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971ல பாக் நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தி, திரும்ப இலங்கைக்கும் நீந்தினவர். 51 மணி நேரம்! கின்னஸ் சாதனைகளை அடுக்கினவர். அப்படிப்பட்டவர் 1984 ஆகஸ்ட் 6ல ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய், அந்தக் குளிர்ல உயிரை விட்டார். கோடைக்காலத்துலயே அங்க தண்ணி 15லேர்ந்து 18 டிகிரிதான். குளிர்ந்த நீர் முதல் நிமிஷத்துல நம்மைக் கேட்காமலே மூச்சை இழுக்க வைக்கும், அப்ப வாய் தண்ணிக்குள்ள இருந்தா போச்சு. அதைத் தாண்டினாலும் கை கால் மெல்ல மெல்ல நம்ம பேச்சைக் கேட்காது. கரையேறின பிறகும் கொஞ்ச நேரம் உள்சூடு இறங்கிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் வெந்நீர்ல போனார், இன்னொருத்தர் குளிர்ல. ரெண்டு பேருமே உங்களையும் என்னையும் விட ஆயிரம் மடங்கு நல்லா நீந்தத் தெரிஞ்சவங்க. நீச்சல் தெரிஞ்சா பயமில்லைங்கறது கிணத்தோட முடிஞ்சு போற வசனம்.

2017ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த டிரையத்லான் போட்டிகள்ல 1985லேர்ந்து 2016 வரைக்கும் இறந்தவங்க, இதயம் நின்னு பிழைச்சவங்க எல்லாருமா 135 பேர். அதுல 90 பேருக்கு அது நடந்தது நீச்சல்ல. 85 சதவீதம் ஆண்கள். சராசரி வயசு 47 பக்கம். உடற்கூறு பரிசோதனை விவரம் கிடைச்ச 61 பேர்ல 27 பேருக்கு இதயத்துல ஏற்கெனவே கோளாறு. அதைப் படிச்சப்ப எனக்கு வயசு 46. படிவத்துல இருந்த அந்தக் கேள்வியை யாரும் பொழுது போகாம எழுதலைன்னு அப்பத்தான் உறைச்சுது.

அந்தத் தம்பிக்கு எழுதிக் குடுத்த பட்டியலை இங்கயும் போட்டுடறேன்.

1. உடம்புல என்ன இருந்தாலும் படிவத்துல உண்மையை எழுதுங்க. 40 தாண்டினவங்க ஒரு தடவை இதயத்தைக் காட்டிட்டு வாங்க. மாத்திரையை நிறுத்தறதும் மாத்தறதும் டாக்டரோட வேலை, நம்ம வேலை இல்லை.

2. பணம் கட்டறதுக்கு முன்னாடி நடத்தறவங்களைக் கேளுங்க: இறங்கறவங்களை எப்படி எண்ணுவீங்க, ஏறறவங்களை எப்படி எண்ணுவீங்க, பாதியில விட்டவங்களை யார் குறிப்பாங்க? பதில் சொல்லத் திணறினாங்கன்னா பேர் குடுக்காதீங்க.

3. பாதியில வெளிய வந்தா, யார் கையிலயாவது சிப்பைக் குடுத்து மேஜைக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்க. சொல்லாமக் கிளம்பி வீட்டுக்குப் போயிட்டா, இல்லாத உங்களைத் தேடி யாரோ ஒருத்தர் உயிரைப் பணயம் வைப்பார்.

4. பளிச்சுன்னு தெரியற தொப்பி போடுங்க, அனுமதிச்சா இடுப்புல கட்டற ஆரஞ்சு மிதவைப் பையும் கட்டுங்க. கடல் நிறத்துல தொப்பி போட்டா படகுக்காரருக்கும் தெரியாது.

5. முதல் கூட்டத்துல பாயாதீங்க. ஓரமாப் போங்க. மூச்சு தட்டினா மல்லாந்து மிதந்து, அடங்கினப்புறம் தொடருங்க. அடங்கலைன்னா கை தூக்குங்க.

6. உள்ளூர் மீனவர் சொல்றதைக் கேளுங்க. நீரோட்டம், சொறி மீன், வலை கிடக்கற இடம் எல்லாம் அவங்களுக்குத் தெரியும். சொறி மீன் பட்டா மணலைப் போட்டுத் தேய்க்காதீங்க.

7. மழை பெஞ்ச மறுநாள் ஆத்து முகத்துவாரம் பக்கம் இறங்காதீங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல, மழையால சென் நதியில கழிவு கலந்து கிருமி ஏறினதும் ஆண்கள் டிரையத்லானையே ஜூலை 30லேர்ந்து 31க்குத் தள்ளி வச்சாங்க. ஒலிம்பிக்கே காத்திருக்கும்போது நமக்கென்ன அவசரம்?

நான் மறுபடி கடல்ல இறங்கினேனான்னு கேட்பீங்க. ஒரு வருஷம் குளத்துல மட்டும்தான். அப்புறம் வேற ஒரு இடத்துல, 1 கி.மீ. மட்டும். படிவத்துல "ஆம்"னு டிக் அடிச்சேன். ரெண்டு நாள்ல போன் வந்தது. டாக்டர் கடிதம் கேட்டாங்க, எக்கோ ரிப்போர்ட் கேட்டாங்க, முன்னாடி நடந்ததை எல்லாம் விலாவாரியா விசாரிச்சாங்க. எரிச்சல் வரும்னு நினைச்சேன், வரலை. பெரியப்பா மேல நின்னு கயித்தை லேசா இழுத்துப் பார்க்கற மாதிரி இருந்தது.

போட்டி அன்னிக்குக் காலையில தங்கமணி முடிவுக் கோட்டுக்குப் போகலை. எண்ணற மேஜை பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டா. நான் கரையேறினதும் என்னைப் பார்க்கலை. அந்தத் தாள்ல என் நம்பருக்கு நேரா கோடு அடிக்கறாங்களான்னு பார்த்துட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தா.

பி.கு: நான் டாக்டர் இல்லை. எனக்கு நடந்ததையும் படிச்சதையும் எழுதியிருக்கேன். உங்க உடம்புக்கு உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க. அப்புறம், டி-ஷர்ட் கிடைச்சது. சைஸ் சின்னது :-)